இடது தோளுக்கு மட்டும்

என் சிட்டுக்கு அம்மா எழுதுறது. ஆண்டவர் தயவுல இங்க நானும் அப்பாவும் அத்தையும் மூச்சும் பேச்சுமா இருக்கோம், அத்தைக்குப் பேச்சு கொஞ்சம் கூடுதல்னு உனக்கே தெரியும். நீயும் அங்க உடம்பு சுகத்தோட, நேரத்துக்குச் சாப்பிட்டு, நிம்மதியாத் தூங்கி எழுந்திருக்கியான்னு தெரிஞ்சுக்க ஆசை. என்னடா இது, நேத்துதானே போன்ல பேசினா, இன்னைக்கு எதுக்குக் காகிதமும் பேனாவுமா உட்கார்ந்திருக்கான்னு நினைப்பே. போன்ல சொல்ல முடியாத விஷயம்மா. நம்ம வீட்டுல எந்த மூலையில நின்னு பேசினாலும் அத்தை காதுக்குப் போயிடும், அதோட நான் பாதி சொல்றதுக்குள்ள நீ போனை வெச்சிடுவே. காகிதத்தைக் கீழ வெச்சா அது அங்கேயேதான் கிடக்கும், கோபம் தணிஞ்ச பிறகு எடுத்து மீதியைப் படிக்கலாம். கடைசி வரைக்கும் படி. படிச்சிட்டுத் திட்டணும்னா திட்டு.

அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போ பரவாயில்லை. பஸ் ஓட்டுற வேலையை விட்டு வீட்டுல இருக்கார்னுதான் பேரு, சாயந்தரம் ஆச்சுன்னா டிப்போ வாசல்ல போய் நின்னு எந்த வண்டி யார் கையில என்ன பாடு படுதுன்னு பார்த்துட்டு வந்து எனக்கு ஒப்பிக்கணும். நீ அனுப்பின கண்ணாடியைப் போட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். ஊர்ல இருக்கிறவங்க கண்ணையெல்லாம் பக்கத்துல உட்கார்ந்து சோதிச்சுப் பார்க்கிறவ, பெத்தவ கண்ணை மட்டும் போன்லயே சோதிச்சாளேன்னு நினைச்சா சிரிப்பும் வருது அழுகையும் வருது. நம்ம தையல் கடையில ஜன்னலோரம் நீ உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின ஸ்டூலை இன்னும் யாரும் நகர்த்தலை. நான் அதுல துணியை வெச்சா அத்தை எடுத்து வேற இடத்துல வெக்கிறாங்க, அத்தை வெச்சா நான் எடுத்துடுறேன், ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்லை. சாப்பாட்டு நேரத்துல நாலு தட்டை எடுத்துட்டு, அப்புறம் ஞாபகம் வந்து ஒண்ணைத் திரும்ப அலமாரியில வெக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகலை. இத்தனை வருஷம் ஆகியும் இந்தக் கைக்குப் புத்தி வர மாட்டேங்குது.

சரி, சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வரேன். உனக்கும் அந்தக் கண்ணாடிக்காரப் பிள்ளைக்கும் கல்யாணம்னு சொன்னப்போ நீ ஒரே ஒரு நிபந்தனை போட்டே. நம்ம சபையிலேயே கல்யாணம், அம்மா கையால தச்ச வெள்ளை கவுன், ஆனா நீ வந்து வாசல்ல இறங்குற வரைக்கும் அத்தைகிட்ட மூச்சு விடக் கூடாது. உன்னைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசாத கோயிலுக்குள்ள ஒரே ஒரு தரமாவது நடந்து போகணும்னு சொன்னே. விஷயம் வெளிய கசிஞ்சா அங்கேயே கல்யாணத்தை முடிச்சிட்டு போட்டோ அனுப்பிடுவேன், வர மாட்டேன்னு சொன்னே. நானும் வாக்குக் கொடுத்தேன். உன்மேல தப்பில்லை. உனக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்ததை வெளிய சொல்ல வேண்டாம்னு நானும் அப்பாவும் எத்தனை தடவை சொல்லியிருப்போம், அத்தை பள்ளிக்கூடத்து டீச்சர்கிட்ட அதைச் சொல்லி உன்னை ஓட்டப் பந்தயத்துல இருந்தே எடுக்க வெச்சாங்க. உன் சிநேகிதி உன்னை நம்பிச் சொன்ன காதல் விவகாரம் அவ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அத்தை வாயாலதான், அவ இன்னைக்கு வரைக்கும் உன் முகத்தைப் பார்க்கிறதில்லை. கடைசியா அந்த நிச்சயம். மாப்பிள்ளையோட அம்மா துணிக்கு அளவு கொடுக்க நம்ம கடைக்கு வந்தாங்க, அத்தை அவங்க இடுப்புல டேப்பைச் சுத்திக்கிட்டே, எங்க பொண்ணுக்கு வலிப்பு இருந்துச்சு, ஆண்டவர் பூரண சுகம் கொடுத்தார்னு கண்ணுல தண்ணி வர சாட்சி சொல்லிட்டாங்க. சாட்சி! அந்தம்மா அளவைப் பாதியிலேயே விட்டுட்டுப் போனாங்க, மறுநாள் சம்பந்தமே வேண்டாம்னு ஆள் வந்துச்சு. அந்த வாரமே நீ பெட்டி கட்டினே.

ஒவ்வொரு தரமும் அத்தை அழுவாங்க. நடிப்பில்லை, நெஞ்சுல அடிச்சுக்கிட்டு நிஜமாவே அழுவாங்க, என் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேப்பாங்க, கொஞ்ச நாள் வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி இருப்பாங்க, அப்புறம் பழையபடி ஒலிபரப்பு ஆரம்பிச்சிடும். ஊர்ல ரேடியோ அத்தைன்னு சும்மாவா பேரு வெச்சாங்க. அப்பாவைக் கேட்டா ஒரே பதில், அவர் அக்கா ஆச்சே, சரி விடு, சரி விடும்பார். எனக்கு அந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். விடுறது ரொம்ப சுலபம், நடந்ததே நடக்காத மாதிரி அடுத்த வேலையைப் பார்க்கலாம். மன்னிக்கிறதுன்னா நடந்துச்சுன்னு ஒத்துக்கணுமில்லையா. இந்த வீட்டுல அதை வாய் திறந்து யாரும் ஒத்துக்கிட்டதே இல்லை.

உன் கவுனை நான் எப்படித் தச்சேன்னு கேட்டா சிரிப்பே. வெளியூர்ப் பொண்ணு ஒருத்தி கேட்டிருக்கான்னு அத்தைகிட்ட பொய் சொன்னேன், ஆண்டவர் என்னையும் மன்னிக்கட்டும். நீ போன்ல சொன்ன அளவை வெச்சு வெட்டினேன், தச்சேன், பொம்மைக்கு மாட்டி மேல ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடி வெச்சேன். நம்ம கடையில எப்பவும் மெஷின் வேலை என்னுது, ஹெம்மிங்கும் பட்டனும் காஜாவும் அத்தையோடது, இதுக்கு மட்டும் நானே பண்ணிக்கிறேன்னு சொன்னதும் அவங்க ஒரு பார்வை பார்த்தாங்க, ஒண்ணும் கேட்கலை. கேட்காம இருக்கிறது அவங்க சுபாவமே இல்லைன்னு எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். ஒரு நாள் அவங்க குளிக்கப் போன நேரத்துல விரிப்பை எடுத்துக் கழுத்து ஓரத்தைச் சரி பார்த்தேன். இடது தோளுக்குள்ள கை வெச்சா மெத்துன்னு ஏதோ தட்டுப்பட்டுச்சு. லைனிங்குக்கு அடியில சின்னதா ஒரு பேட், பஞ்சு வெச்சு, வெள்ளைத் துணி சுத்தி, கண்ணுக்கே தெரியாத பொடித் தையல்ல வெச்சுத் தச்சிருந்துச்சு. இடது தோளுக்கு மட்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கா, துணி வெட்டுற மேஜையில இருந்து நீ விழுந்து தோள் எலும்பு உடைஞ்சு, கூடினாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தே நின்னு போச்சே. நான் மெஷினை விட்டு எழுந்திரிக்கிறதுக்குள்ள உன்னை அள்ளித் தூக்கிக்கிட்டு செருப்பில்லாம ஆஸ்பத்திரிக்கு ஓடினது அத்தைதான். அதுக்கப்புறம் நீ போட்ட ஒவ்வொரு சட்டையிலும், பள்ளிக்கூட யூனிபார்ம்ல கூட, இடது தோளுக்குள்ள அவங்க ஒரு பேட் வெச்சுத் தச்சுடுவாங்க, ரெண்டு தோளும் சமமாத் தெரியணும்னு. நீ அளவு சொன்னப்போ ரெண்டு தோளுக்கும் ஒரே அளவைச் சொன்னே, நானும் சமமா வெட்டிட்டேன். பெத்தவ எனக்கே மறந்து போச்சு சிட்டு. விரிப்பை விலக்கின உடனே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அந்த நீளக் கழுத்து, அந்தச் சின்ன இடுப்பு, வேற யாருக்கு இருக்கும், அவங்க தூக்கி வளர்த்த உடம்பாச்சே. பேட் வெச்சிருக்காங்க, மறுபடி மூடியிருக்காங்க, என்கிட்ட கூட ஒரு வார்த்தை சொல்லலை. நான் அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து அழுதேன். கடைசியில அத்தை வாயை அடக்கக் கத்துக்கிட்டாங்கன்னு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

நன்றி சொன்ன ஈரம் காயறதுக்குள்ள பட்டன் கடைக்காரம்மா என்னைப் பார்த்து, பொண்ணுக்குக் கல்யாணமாமே, சொல்லவே இல்லையேன்னு கேட்டாங்க. ஆமாம்மா. அத்தை சொல்லிட்டாங்க. உன் கவுனுக்கு முத்துப் பட்டன் வாங்கப் போன இடத்துல, நம்ம கடையில இருக்கிற பட்டனெல்லாம் அதுக்குத் தகுதி இல்லைன்னு நினைச்சுப் போன இடத்துல, சந்தோஷம் தாங்காம வாயை விட்டிருக்காங்க. அடுத்த ஞாயிறு கோயில் வாசல்ல அந்தப் பழைய சம்பந்தி வீட்டம்மா என்னை நிறுத்தி, மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாம் தெரியுமில்லன்னு தேன் ஒழுகக் கேட்டாங்க. சொல்லிட்டேன், எல்லாம் தெரியும், என் பொண்ணு முதல் பேச்சிலேயே அதைத்தான் சொன்னா, அந்தப் பிள்ளை அதைக் கேட்டுட்டுத்தான் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டார்னு. அத்தை என் பக்கத்துல நின்னு தரையையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. உள்ள போய் ஜெபம் சொல்லும்போது, எங்களுக்கு எதிராத் தப்பு செஞ்சவங்களை நாங்க மன்னிக்கிறோம்னு வர்ற இடத்துல என் வாய் தானா மூடிக்கிச்சு. சின்ன வயசுல இருந்து சொல்ற ஜெபம், அந்த இடத்தைத் தாண்டிக் குதிச்சு அடுத்த வரியில போய்ச் சேர்ந்துக்கிட்டேன். பக்கத்துல நின்னவங்களுக்கு அது கேட்காமலா இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நேரா கடைக்குப் போய் பிளேடை எடுத்து அந்தத் தையலைப் பிரிச்சேன். அவ்வளவு பொடித் தையல், பிரிக்கவே வரலை, ஒவ்வொண்ணா அறுத்து, பேட்டைப் பிடுங்கி வெட்டுத் துணிக் கூடையில எறிஞ்சேன். என் பொண்ணு வர மாட்டா, அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு, இவங்களாலதான் போனா, இவங்களாலதான் வராமலும் இருக்கப் போறான்னு மனசு கொதிச்சுது. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் நான் அவங்ககூடப் பேசவே இல்லை. ரெண்டு பேரும் ஒரே கடையில, ஒரே மேஜையில, கத்தரியைக் கூட கையில கொடுக்காம தள்ளி வெச்சுக்கிட்டோம். அப்பா வந்து சரி விடுன்னார், நான் பார்த்த பார்வையில டிப்போவுக்குப் போயிட்டார்.

அந்த நேரம் பார்த்து போதகர் ஐயா அங்கியை இடுப்புல கொஞ்சம் பிரிச்சு விடணும்னு வந்தார். அவர் இடுப்பு பெருத்த கதையை சபை முழுக்கச் சொன்னதும் நம்ம அத்தைதான், பாவம் மனுஷன் சிரிச்சுக்கிட்டே ஏத்துக்கிட்டார். அத்தை அப்போ கடையில இல்லை. நான் அவரை முக்காலி மேல ஏத்தி, வாயில குண்டூசியை வெச்சுக்கிட்டு, சுத்தி ஊசி குத்திட்டேன், இனி அவர் அசைய முடியாது, ஓடவும் முடியாது, இதுதான் சமயம்னு கேட்டுட்டேன். ஐயா, திரும்பத் திரும்ப ஒருத்தங்க நம்மை நோகடிச்சா திரும்பத் திரும்ப மன்னிக்கச் சொல்றீங்களே, அப்போ திரும்பத் திரும்ப வீட்டு ரகசியத்தையும் அவங்க கையில கொடுக்கணுமான்னு. அவர், கொடுக்கணும்னு எங்கேயும் சொல்லலையேம்மா, மன்னிப்பு வேற, நம்பிக்கை வேற, நம்பிக்கை மெதுவாத்தான் வரும், வராமலே போனாலும் போகும், ஆனா பழி வாங்குற உரிமையை மட்டும் கீழ வெச்சிடணும்னார். சொல்லிட்டு, எனக்கும் இது சுலபமா வர்றதில்லைம்மா, இடுப்பு விஷயத்துல ரெண்டு நாள் தூக்கம் வரலைன்னார். எனக்கு வாயில ஊசியோட சிரிப்பு வந்து முழுங்கித் தொலைச்சிருப்பேன்.

அவர் போன பிறகு மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்தேன். வழக்கம்போல நாலு. ஒண்ணைத் திரும்ப வெக்கும்போது அத்தை மேல அப்படியே புதுசா ஒரு கோபம் பொங்கி வந்துச்சு, அப்போதான் எனக்குப் புரிஞ்சுது சிட்டு. எத்தனை தரம் மன்னிக்கிறது, ஏழு தரம் போதுமான்னு சீஷர் ஒருத்தர் கேட்டாரே, ஏழெழுபது தரம்னு ஆண்டவர் சொன்னாரே, அவங்க அத்தனை தப்பு பண்ணினா நாம அத்தனை தடவை மன்னிக்கணும்னுதான் நான் இத்தனை காலமும் அர்த்தம் பண்ணிக்கிட்டேன். அத்தை அந்தக் கணக்கை எப்பவோ தாண்டிட்டாங்கன்னு வேடிக்கை கூடப் பேசியிருக்கேன். ஆனா எனக்கு அவங்க பண்ணினது ஒரே ஒரு தப்புதான். நீ இங்க இல்லை. அதை நான் மன்னிச்சிட்டேன்னு நினைச்சுத் தூங்குறேன், காலையில உன் ஸ்டூலைப் பார்க்கிறேன், மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கு. தட்டை எடுத்தா மறுபடி. தெருவுல உன் வயசுப் பொண்ணு ஒருத்தி அவ அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனா மறுபடி. உன்மேல ஏக்கம் எத்தனை தடவை வருதோ அத்தனை தடவையும் அவங்களை மன்னிக்கணும். ஏழெழுபது எனக்கு ஒரு மாசத்துக்குக் கூடக் காணாது.

சாயந்தரம் நானே பேசினேன். அண்ணி, நீங்க பண்ணினது தப்பு, என் பொண்ணு இந்த வீட்டை விட்டுப் போனது உங்க வாயாலன்னு சொன்னேன். இத்தனை வருஷத்துல முதல் தடவையா முகத்துக்கு நேரா சொன்னேன். ஆமாம்னாங்க. மன்னிச்சிட்டேன், நாளைக்கும் கோபம் வரும், நாளைக்கும் மன்னிப்பேன், ஆனா அவ எப்போ வரான்னு மட்டும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னேன். கோவிச்சுப்பாங்கன்னு எனக்கு நினைப்பு. அவங்க ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, சொல்லாதே, எனக்குச் சொல்லவே சொல்லாதே, தெரிஞ்சா நான் சொல்லிடுவேன்னு அழுதாங்க. நெஞ்சுல அடிச்சுக்கலை. சத்தமே வரலை. மறுநாள் கடையைத் திறந்தா உன் ஸ்டூல் மேல அந்தப் பேட் இருந்துச்சு. கூடையில இருந்து எடுத்து, நான் அறுத்த நூல் முனையெல்லாம் ஒவ்வொண்ணா உருவி எடுத்து, இஸ்திரி போட்டு வெச்சிருந்தாங்க. நாங்க அதைப் பத்தியும் பேசிக்கலை.

இவ்வளவுதான் விஷயம். நான் கொடுத்த வாக்கு போச்சு, ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. உனக்குத் தெரியாம மறைச்சு உன்னை வரவழைக்க எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு, ரெண்டு நாள் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன், ஆனா நீ வாசல்ல இறங்கி நிக்கும்போது உன் முகம் மாறுறதை என்னால பார்க்க முடியாது. அத்தையை மன்னிச்சிடுன்னு நான் உன்னைக் கேட்கலை. என் பங்கை நான் மன்னிக்கலாம், உன் பங்கு உன்னுது, அதுல கை வெக்க எனக்கு உரிமை இல்லை. அங்கேயே கல்யாணம்னா அங்கேயே நல்லா நடக்கட்டும், கவுனை அனுப்பி வெக்கிறேன், அம்மா சபிக்க மாட்டேன், அழுவேன், அவ்வளவுதான். ஆனா ஆசை என்னன்னு கேட்டியானா, வாடி. எனக்கு உன்னைப் பார்க்கணும். போன்ல இல்லை, கண்ணாடி போட்டுக்கிட்டுக் கிட்ட உட்கார வெச்சுப் பார்க்கணும். உன் தலையை நான் ஒரு தரம் வாரி விடணும். யார் என்ன பேசினாலும் பேசட்டும், அந்தக் கோயிலுக்குள்ள நீ நடக்கும்போது ஒரு பக்கம் அப்பா இருப்பார், இன்னொரு பக்கம் நான் இருப்பேன், உன்னைப் பத்திப் பேசுறதுக்கு இனி ஊர்க்காரங்ககிட்ட மிச்சம் எதுவும் இல்லை.

கவுன் பொம்மை மேலதான் இருக்கு, இப்போ விரிப்பெல்லாம் போடறதில்லை. எல்லாம் முடிஞ்சுது, கீழ ஹெம்மிங்கும் இடது தோளும் பாக்கி. அந்தப் பேட்டை இந்தக் கடிதத்தோடயே வெச்சிருக்கேன். வேண்டாம்னா தூக்கிப் போட்டுடு, நான் என் கையால வேற ஒண்ணு வெச்சுத் தச்சுக்கிறேன், அத்தை தச்ச மாதிரி வராது, ஆனாலும் தைப்பேன். வேணும்னு தோணினா, இன்னைக்கே தோணணும்னு இல்லை, வரும்போது கொண்டு வா. நீயா உன் கையால அவங்ககிட்ட கொடுக்கணும். நான் கொடுக்க மாட்டேன்.

நீ போற வழியெல்லாம் ஆண்டவர் உனக்கு முன்னால நடக்கட்டும், வீட்டுக்குத் திரும்புற வழியில மட்டும் கொஞ்சம் வேகமா நடக்கட்டும். அந்தக் கண்ணாடிக்காரப் பிள்ளைக்கு எங்க ஆசீர்வாதத்தைச் சொல்லு, அப்பாவும் சொல்லச் சொன்னார். மாத்திரையை நேரம் தவறாமப் போடு, வெறும் வயித்துல டீ குடிக்காதே. கவரைக் கிழிச்ச கையோட தூக்கிப் போட்டுடாதே, பேட் அடியில ஒட்டிக்கிட்டிருக்கும், கையை விட்டுப் பாரு.

என்றும் உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா

இதையும் எழுதிடுறேன். கவரை ஒட்டப் பசை தேடிக்கிட்டிருந்தேன், அத்தைதான் எடுத்துக் கொண்டு வந்து கொடுத்தாங்க. யாருக்கு, என்ன எழுதினே, இவ்வளவு தடிமனா உள்ள என்ன இருக்குன்னு எதுவும் கேட்கலை. கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, இது போய்ச் சேர எத்தனை நாளாகும்னு மட்டும் கேட்டாங்க.